மடவளைக்கும் மாத்தளைக்கும் ஒரே வாய்

கப்பலில் வாந்தி எடுத்ததையும், மண்டபம் முகாமில் நாக்கை நீட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றதையும் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று. என் நாக்கு அவர்கள் நாக்கைவிட விசேஷமானதல்ல. ஆகவே நேரே கண்டியில் இறங்குகிறேன்.

பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஒரு உத்தியோகம் உண்டு. "ஒரு நடை போயிட்டு வாடா" என்பதுதான் அது. ரேஷன் இல்லாத பட்டாளம். அப்பா இந்தத் தடவை கொடுத்த நடை கொஞ்சம் நீளம். கடல் தாண்டி, மலை ஏறி, என் கோமதி அக்காளின் மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

அக்காள் மகள் பெயர் வள்ளி. எட்டு வயசு. கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. இந்தியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைகளை விடுதியில் வைத்துக்கொண்டு வாயால் பேசப் பழக்குகிறார்களாம். அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு, இடம் பிடித்து, என்னையும் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். பிள்ளைகள் வரிசையாகத் தங்கள் கைகள் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். கையை ஆட்டினால் வாய் சோம்பேறியாகிவிடுமாம். ஒரு பையன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "த...ண்...ணி" என்றான். வந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அப்போது எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத்தான் பட்டது. மருமகளை அழைத்து வந்து ஒப்படைத்துவிட்டால் என் நடை முடிந்தது என்ற நினைப்பில் கண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன்.

மழை. கண்டியில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மழை நிற்கும்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். குடைகளுக்கு நடுவே பஸ்கள் நின்று உறுமிக்கொண்டிருந்தன. நம் ஊர் பஸ்ஸுக்கு ஸ்டார்ட் ஆக மூன்று பேர் தள்ள வேண்டும். இங்கே ஸ்டார்ட் ஆனதை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று பயந்து ஓடவிட்டே வைத்திருக்கிறார்கள் போல. அந்த இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அக்காள் வீடு மடவளையில். அத்தானுக்கு அங்கே கடைத்தெருவில் துணிக்கடை. ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே நின்று "மடவளையா?" என்று கத்தினேன். அவர் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது, நடுவில் நாக்கு தட்டியது, கடைசியில் 'ளை' என்று இளித்தது. மடவளை! சந்தேகமே இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அது மாத்தளை பஸ்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பி.ஏ.வுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஏற்றம் ஏறி, இறங்கி, மிளகுக் கொடிகளையும் மசூதிகளையும் ரசித்துக்கொண்டே போனேன். அலவத்துகொட என்ற இடத்தில் பஸ்ஸின் சக்கரம் ஒன்று காற்றிழந்து உட்கார்ந்தது. எல்லோரும் இறங்கினோம். "மடவளைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பெருமையாக ஒருவரைக் கேட்டேன். அவர் நான் வந்த திசையைக் காட்டினார். கூட இருந்தவர்களும் காட்டினார்கள். அத்தனை கைகள் ஒரே திசையில் நீண்டதை அதற்கு முன்பு நான் அரசியல் கூட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒரு சில்லறைக் கடை. கடைக்காரரை எல்லோரும் காசிம் நானா என்றார்கள். நானா என்றால் அங்கே அண்ணன்.

"வாங்கொ தம்பி, நனையாம உள்ளுக்கு வாங்கொ. மடவளக்கி போக மாத்தள பஸ்ஸிலயா ஏறின?"

"கண்டக்டர் மடவளைன்னுதான் சொன்னார்."

"காதால கேட்டீங்களா?"

"...வாயைப் பார்த்தேன்."

நானா சிரித்த சிரிப்பில் பாக்கு வெளியே வந்துவிட்டது. "வாயப் பாத்து பஸ் ஏறின ஆள இப்பத்தான் பாக்கிறன்! டே, இந்த தம்பிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்கடா. இந்தியாவில இருந்து வாயப் பாத்துக்கிட்டே வந்தீக்கிறார்."

பால் இல்லாத தேத்தண்ணி. உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பார்கள். இங்கே கரைக்கும் வேலையை நம் பல்லிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிங்களக் குடியானவர் கிராம்பு மூட்டையுடன் வந்தார். காசிம் நானா தோள் சால்வையை எடுத்து அவர் கையின் மேல் போட்டார். சால்வைக்கு அடியில் இருவர் விரல்களும் ஒன்றை ஒன்று பிடித்தன, அழுத்தின, விட்டன, மறுபடி பிடித்தன. வாயில் ஒரு வார்த்தை இல்லை. பேரம் முடிந்தது. பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு வியாபாரிக்கு விலை என்னவென்று தெரியவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கையால் பேசுகிறவர்களை விடுதியில் சேர்க்க வேண்டுமானால் முதலில் இவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் நானாவே என்னை ஏற்றி, கண்டக்டரிடம் சத்தமாக, என் மானம் போகும்படி, "இவர கட்டுகஸ்தோட்டையில எறக்கி மடவள பஸ்ஸில ஏத்தி விடுங்கொ. கைய புடிச்சி ஏத்துங்கொ!" என்றார்.

வீடு போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று. அக்காள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏல, காலையில கண்டிக்கு வந்தவன் இப்பத்தான் மடவளைக்கு வாரியா? எங்கல போன?"

கதையைச் சொன்னேன். அக்காளின் பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்துகொண்டு நின்றாள். அக்காள் நான் சொன்னதைக் கையால் அவளுக்குச் சொன்னாள். அவள் வீட்டுத் தரையைச் சுட்டினாள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள், பிறகு இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கயிற்றைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, மூச்சு முட்ட இழுத்தாள். இழுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா சொல்றா?"

"மாத்தளைங்கறா. போன வருசம் அங்க தேர் பாக்கப் போனோம். வடம் புடிச்சு இழுத்தா. அதுலருந்து மாத்தளைன்னா அவளுக்குத் தேர் வடம்தான்."

அடுத்து வள்ளி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் பேசப் பேசப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தால்தானே! கடைசியில் நான்கு விரலையும் கட்டை விரலையும் சேர்த்துத் தன் உதட்டுக்கு முன்னால் வைத்துப் படபடவென்று திறந்து மூடினாள். எனக்குப் பெயர் வைத்தாயிற்றாம். அம்மாவுக்கு மூக்குத்தியைத் தொடுவது, அப்பாவுக்கு மீசையை முறுக்குவது, எனக்கு இது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அக்காள் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பண்டிதர்" என்றாள்.

படித்தவனைக் குழந்தைகூட எப்படிக் கண்டுபிடித்துவிடுகிறது பாருங்கள் என்று எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை பாண். அதாவது ரொட்டி. செங்கல் அளவு, செங்கல் நிறம். தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. வந்தும் கை நிற்பதில்லை. இங்கே நாற்காலியைக் கதிரை என்கிறார்கள். "கதிரையில இரு மாப்ளே" என்று அத்தான் சொன்னபோது கதிரறுப்புக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை எடுத்தேன். "அப்பா சொல்லிட்டாரு. வள்ளிய நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பேசக் கத்துக் குடுப்பாங்க."

அக்காள் சம்பல் கிண்ணத்தை என் பக்கத்திலிருந்து இழுத்துத் தள்ளி வைத்தாள். எங்கள் வீட்டில் அதற்கு யுத்தம் என்று அர்த்தம்.

"அவ இப்பவும் பேசிட்டுத்தான்ல இருக்கா. ஒனக்குப் புரியலன்னா அவ பேசலையா?"

"கையால பேசினா யாருக்குக்கா புரியும்?"

"எனக்குப் புரியுது. அத்தானுக்குப் புரியுது. பக்கத்து வீட்டு ஜெஸீமாவுக்குப் புரியுது. அவங்க வீட்டு வாத்துக்குக்கூடப் புரியுது. ஒனக்குத்தான் புரியல."

அத்தான் தொண்டையைக் கனைத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அக்காளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றே வயசானவர் அவர். "மாப்ளே, நானும் பல தடவ யோசிச்சேன். இங்க பக்கத்துல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு. தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். போன வருசம் கேட்டோம், முடியாதுன்னுட்டார். நீ பி.ஏ. நீ வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொன்னா..."

"அவரு சேத்துக்கிட்டா புள்ள இங்க இருக்கட்டும்" என்றாள் அக்காள். "முடியாதுன்னா... நீயே கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

சொல்லும்போது அவள் வள்ளியின் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பின்னி முடித்த சடை. அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

அப்பா உத்தரவு ஒரு பக்கம். மறுபக்கம், யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரை இங்கிலீஷில் மடக்கும் வாய்ப்பு. எந்த இளைஞன் விடுவான்? அன்று மாலை முழுக்க முற்றத்தில் நடந்து நடந்து பிரசங்கம் தயாரித்தேன். பக்கத்து வீட்டு ஜெஸீமாவும் வள்ளியும் மதிலுக்கு மேலிருந்து என்னைப் பார்த்து அந்தப் பண்டித முத்திரையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம். தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், உள்ளே ஏகப்பட்ட பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு விரலால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் திரும்பிப் பலகையில் எழுதும் நேரமெல்லாம் இப்படித்தானாம். தலைமை வாத்தியார் நல்லதம்பி வெள்ளைக் கோட்டும் வேட்டியும் தலைப்பாகையுமாக வந்தார். நான் எழுந்து, "சார்..." என்று ஆரம்பித்து, இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பொழிந்தேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என் பிரசங்கத்தில் இருந்த இலக்கணப் பிழைகளை ஒவ்வொன்றாக, அழகான ஆங்கிலத்தில், எடுத்துச் சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"இருங்கோ தம்பி. களைச்சுப் போனியள். பிள்ளை கதைக்குமோ?"

"கதை எல்லாம் சொல்லத் தெரியாது சார்."

"கதை சொல்லுறதில்லையப்பா. கதைக்கிறது. பேசுறது."

பின்னால் நின்ற மங்களம் டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் வகுப்பு அவருடையது. வள்ளி சேர்ந்தால் அவரிடம்தான் போக வேண்டும்.

"கையால கதைக்கிறா" என்றாள் அக்காள்.

"அதுதான் பிரச்சினை. கையால கதைக்கிறது குரங்குச் சேட்டை எண்டு நான் சொல்லேல்லை. பாவம் பிள்ளை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்குக் கடையில போய் உப்பு வாங்க வேணும். கடைக்காரனுக்குக் கைப்பேச்சு விளங்குமோ? ஊரில ஒருத்தருக்கும் விளங்காத பாஷையைப் பள்ளிக்கூடத்தில எதுக்கு வைக்க வேணும்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"சார், கண்டியில பெரிய பள்ளிக்கூடங்கள்ல லத்தீன் சொல்லிக் குடுக்கறாங்களே. எந்தக் கடையில சார் லத்தீன்ல உப்பு வாங்கறாங்க?"

மங்களம் டீச்சரின் சேலைத் தலைப்பு மறுபடி வாய்க்குப் போனது. தலைமை வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் அவரும் லத்தீன் படித்தவர் என்று தெரிந்தது.

"சரி. ஒரு சோதனை வைப்பம். பிள்ளை வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டால் நான் சேர்க்கிறன். சின்னச் சொல்லுத்தான்." வள்ளியைத் தன் முன்னால் நிறுத்தினார். "உலகத்தில எந்தப் பிள்ளைக்கும் முதல் தெரியிற சொல்லு."

குனிந்து, நிதானமாக, உதட்டை நன்றாக மூடித் திறந்து, "அம்மா" என்றார்.

வள்ளி அவர் வாயைக் கூர்ந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். அவர் மறுபடி சொன்னார். வள்ளி ஒரு கையால் மூக்குத்தி இடத்தைத் தொட்டாள். இன்னொரு கையால் மீசையை முறுக்கினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பது போல் அவரைப் பார்த்தாள்.

"பார்த்தீரோ தம்பி" என்றார் தலைமை வாத்தியார், உண்மையான வருத்தத்தோடு. "தாய்க்கு மீசை வைச்சிட்டாள்."

அக்காள் வள்ளியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பிடியைப் பார்த்தபோது எனக்குக் கப்பல் தெரிந்தது, விடுதி தெரிந்தது, கை மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வரிசையில் ஒரு ரெட்டைச் சடை தெரிந்தது. கூடவே, கடவுள் சத்தியமாக, அந்தக் கண்டக்டரின் வாயும் தெரிந்தது.

"சார், ஒரு நிமிஷம். நான் சத்தமில்லாம ஒரு ஊர்ப் பேர் சொல்றேன். நீங்க வாயைப் பார்த்துச் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு?"

"சின்னச் சொல்லுத்தான் சார்."

உதட்டை ஒட்டிப் பிரித்து, நாக்கைத் தட்டி, கடைசியில் இளித்தேன்.

"மாத்தளை" என்றார் உடனே, வெற்றிப் புன்னகையோடு.

"மடவளை சார்."

புன்னகை கொஞ்சம் தளர்ந்தது. "அது உம்மட உச்சரிப்பில பிழை. இந்தியத் தமிழ் அப்பிடித்தான். டீச்சர், நீர் ஒரு சொல்லுச் சொல்லும். சத்தம் வரக் கூடாது."

மங்களம் டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தைத் தெளிவாக வைத்து, வாயை அசைத்தார்.

"அப்பா!" என்றார் தலைமை வாத்தியார். "பார்த்தீரோ, நல்ல தமிழ் எண்டால் விளங்கும்."

டீச்சர் தரையைப் பார்த்தார். "நான் அம்மா எண்டு சொன்னனான் சேர்."

அப்போது அக்காள் கேட்டாள். மிகுந்த மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இப்ப அம்மாவுக்கு மீசை வச்சது யாருங்க சார்?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மேசை மேலிருந்த கைக்கண்ணாடியை எடுத்தார். தலைப்பாகை சரி செய்ய வைத்திருப்பது போலிருக்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதைப் பார்த்து, சத்தமில்லாமல் இரண்டு முறை உதட்டை அசைத்தார். கண்ணாடியை வைத்தார். மூக்கைச் சிந்தினார்.

"ஒரு கிழமை பாப்பம். டீச்சரின்ர வகுப்பில இருக்கட்டும். ஆனா கை மேசைக்கு மேல வரக் கூடாது. மற்றப் பிள்ளையள் குழம்பினால், தம்பி, நீர் கப்பல் ஏத்திக்கொண்டு போம். சம்மதமோ?"

கிழமை என்றால் அங்கே வாரம். சம்மதித்தோம். வேறு வழி?

அந்த வாரம் அக்காள் வீட்டில் இருந்தால் அவள் என்னைக் கேள்வியால் கொன்றுவிடுவாள் என்று ஊர் சுற்றப் போனேன். கண்டிக் குளம் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு ராஜா வேலையாட்களை வதைத்துத் தோண்டியது என்கிறார்கள். இப்போது துரைசானிகள் குடை பிடித்து அதைச் சுற்றி நடக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை ஆற்றில் யானைகள் குளிப்பதைப் பார்க்கப் போனேன். பாகன் தேங்காய் மட்டையால் முதுகைத் தேய்க்க, யானை ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு சுகப்பட்டதில்லை.

அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள். யானை மேல் ஏறிப் படம் பிடிக்க வேண்டும். பாகனுக்குச் சிங்களம். அம்மாளுக்கு இங்கிலீஷ். அம்மாள் யானையைச் சுட்டினார், தன்னைச் சுட்டினார், படப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார், கையால் தும்பிக்கை ஆட்டினார், விரலை உயர்த்தி விலை கேட்டார். பாகன் அதைவிடக் கூடுதலான விரல்களை உயர்த்தினான். அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுவது போல் நடித்தார். எல்லோரும் ரசித்தார்கள். அந்த அம்மாளைக் கையின் மேல் உட்கார வைத்து "யா...னை" சொல்லப் பழக்க வேண்டும் என்று கரையில் நின்ற ஒருவரும் சொல்லவில்லை.

சாயங்காலங்களில் வள்ளி பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அக்காள் கையால் கேட்பாள்: என்ன நடந்தது? வள்ளி தோளைக் குலுக்குவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பக்கத்து வீட்டு ஸுபைதா உம்மா ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் ஏலக்காயும் சேர்த்து அவித்த ஒரு சொர்க்கம்.

"என்னத்துக்கு மக அழுகுற? புள்ளய அனுப்புவாங்களா?" என்று அவர் அக்காளைக் கேட்டபோதுதான் அக்காள் அடுக்களையில் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"தெரியலயே உம்மா. புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"சொல்லாட்டி சந்தோசமா ஈக்கிறா எண்டு நெனைங்கொ. என்ட மக ஜெஸீமா கரச்சல் எண்டாத்தான் வாய தொறப்பா." கரச்சல் என்றால் அங்கே தொல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் உம்மாவின் வாத்துகள் வரிசையாக வந்து கத்தின. வள்ளி ஓடிவந்து எனக்கு அவற்றைக் காட்டினாள். வாத்தைச் சுட்டினாள். நான்கு விரலையும் கட்டை விரலையும் சேர்த்து உதட்டுக்கு முன்னால் வைத்துப் படபடவென்று திறந்து மூடினாள்.

நான் அக்காளைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். "பண்டிதருக்கும் அதேதான்ல."

வாரம் முடிந்த அன்று என் பெட்டியோடே பள்ளிக்கூடம் போனோம். வள்ளியின் பெட்டியும் கூட வந்தது. அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு, கல்லைச் சுமப்பவர் போல் நடந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தலைமை வாத்தியார் வாசலில் நின்று எங்களை விரலால் அடக்கி, உள்ளே பார்க்கச் சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் நேராக நிமிர்ந்து, முகத்தில் சலனமில்லாமல், சிலை மாதிரி. பக்கத்து வகுப்புகள் சந்தை மாதிரி இரைந்தன.

"பார்த்தியளோ?" என்று அவர் கிசுகிசுத்தார். "இந்த ஒரு கிழமையா இந்த வகுப்பில என்ன அமைதி! கத்துறேல்லை, கதைக்கிறேல்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளையளும் அடங்கிப் போச்சுதுகள். நான் நினைச்சதைவிட நல்ல பிள்ளை. கை மேசைக்கு மேல வந்ததேயில்லை."

அவர் நின்ற இடத்திலிருந்து மேசைக்கு மேல்தான் தெரியும். நான் அப்போது ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருந்தேன். அங்கிருந்து மேசைக்குக் கீழே தெரிந்தது.

கீழே திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒரு கை கூட சும்மா இல்லை. மூக்குத்திகள், மீசைகள், தலைப்பாகைகள்; தலைப்பாகைக்கு அடுத்து வயிற்றுவலி மாதிரி ஒரு முகம்; அது யார் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி பெஞ்சு பையன் முதல் பெஞ்சு பெண்ணிடம் ஏதோ கேட்டான். நாலு பேர் தாண்டி பதில் வந்தது. வாயைப் பொத்தச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டே பேச ஒரு பாஷை கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்? நடுவில் வள்ளி, பெரிய உத்தியோகஸ்தி மாதிரி, தப்பாகச் செய்கிறவர்களின் விரலைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது மங்களம் டீச்சர் தலைமை வாத்தியாரைக் கண்டு வாசல் பக்கம் திரும்பி வணங்கினார். முகம் அவரைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் டீச்சரின் ஒரு கை பிள்ளைகளைப் பேச்சை நிறுத்தச் சொல்லி, புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு பையனைப் பெயர் சொல்லி அதட்டியது. நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன.

"என்ன ஒழுங்கு!" என்றார் தலைமை வாத்தியார். அவர் கண்கள் கலங்கியே இருந்தன. "பிள்ளை இருக்கட்டும் அம்மா. நல்லா இருக்கட்டும்."

அத்தான் வள்ளியின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சரித்திரத்தில் முதல் தடவை. பள்ளிக்கூடங்களில் கைப்பேச்சு சொல்லிக்கொடுக்கலாமா கூடாதா என்று யாராவது கமிட்டி போட்டால் என்னைக் கூப்பிடலாம். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும். வாத்தியார்களுக்குத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூடவே பி.ஏ.க்களுக்கும், காரணம் இதோ வருகிறது.

கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் கண்டி ஸ்டேஷனுக்கு பஸ் ஏறப் போனேன். மழை. கண்டிப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் போகிற பஸ்கள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு நின்றன. ஒன்றில் தாவி ஏறி ஜன்னலோரம் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன். வெளியே குடைக்கடியில் மூன்று பேர்.

அக்காள் வாயை அசைத்தாள். 'நல்லபடியா போயிட்டு வா' என்று படித்தேன். கையசைத்தேன். அத்தான் இன்னும் பெரிதாக வாயைத் திறந்து ஏதோ கத்தினார். 'அப்பாவ கேட்டதா சொல்லு' என்றுதான் இருக்கும். தலையை ஆட்டினேன். அவர் ஏன் அப்படித் துள்ளுகிறார் என்று புரியவில்லை. பிரிவுத் துயரம் என்று நினைத்து நானும் கைக்குட்டையை எடுத்து ஆட்டினேன். பஸ் நகர்ந்தது.

வள்ளி குடையிலிருந்து வெளியே ஓடிவந்தாள். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்: உதட்டுக்கு முன்னால் படபட. வாத்து! பிறகு நடு ரோட்டில், மழையில் நனைந்துகொண்டே, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, தன் பலம் எல்லாம் சேர்த்து இழுத்தாள். இழுத்தாள். இழுத்தாள்.

"நிறுத்துங்க! எறங்கணும்!" என்று நான் கண்டக்டரின் மேல் விழுந்தேன்.